ஏரி இருந்த இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சென்னை வரைபடங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் கோட்டையும் கவர்னர் மாளிகையும் இருந்தன. வணிகர்களின் பெயர்களைத்தான் காணோம். லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, சுங்குராமச் செட்டி என்று வடசென்னைத் தெருக்களில் பல, வணிகர்களின் பெயர்ப் பலகைதானே? அத்தெருக்கள் இருந்த கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆன பிறகும் அப்பெயர்கள் அசையவில்லை. சுங்குராமரின் தோட்டம்தான் 1734இல் நெசவாளர் குடியிருப்பாகிச் சிந்தாதிரிப்பேட்டை ஆனது.

பெரிய விடுபடல், மாம்பலம் ஏரி. 1920களில் தியாகராய நகருக்காகத் தூர்க்கப்பட்டது. பழைய படத்தில் நுங்கம்பாக்கம் ஏரியோடு சேர்ந்து நீளமாகக் கிடக்கும். இன்று நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை உண்டு, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை உண்டு, ஏரிதான் இல்லை. மழைக்காலத்தில் இப்பகுதிகளில் தண்ணீர் ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் (நானும் மேற்கு மாம்பலத்தில்தான் குடியிருக்கிறேன்) அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். தாத்தாவின் பத்திரத்தில் உள்ள ஊர்ப்பெயரை இன்றைய வரைபடத்தில் தேடிக் களைத்தவர்கள் பலர். நில அளவைத் துறையின் பழைய கிராமப் படங்களையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் பயன்படுத்தும் முறையை விரிவாக எழுதுங்கள். படங்களோடு, கட்டண விவரத்தோடு.

– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்