விளக்கமறியலுக்கு நீடிப்பு உண்டு, மனுவுக்கு ஒரு மாதம்தான்

தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறந்தா அடிக்கடி கண்ணில படுற தலைப்பு ஒன்று இருக்கு: "விளக்கமறியல் நீடிப்பு". இன்னாருடைய விளக்கமறியல் அடுத்த மாதம் வரை நீடிப்பு, இன்னாருடைய தடுப்புக் காவல் மேலும் மூன்று மாதம் நீடிப்பு. வானிலை அறிவித்தல் மாதிரி வாசிச்சிட்டுக் கடந்து போறம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிற ஆளுக்கும் நீதிமன்றத்தில் ஒரு காலக்கெடு இருக்குது, அதை நீடிக்கச் சொல்லி அவர் கேட்டா என்ன நடக்கும் என்ற கேள்வி எனக்கு வந்தது மிகவும் பிந்தித்தான்.

எங்கட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்வது இது. நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் உங்கட அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். நீங்களே போடலாம், உங்களுக்காக ஒரு சட்டத்தரணியும் போடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போடவேணும். சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரையா இருந்தாலும், சட்டவிரோதக் கைதுக்கு எதிரான 13ஆம் உறுப்புரையா இருந்தாலும் அதே ஒரு மாதம்தான்.

வெளியில் இருக்கிற ஒருவருக்கு இது நியாயமான விதியாக இருக்கலாம். ஆசிரியர் இடமாற்றம், பதவி உயர்வு, பல்கலைக்கழக அனுமதி போன்ற விசயங்களில் பாதிக்கப்பட்டவர் அடுத்த நாளே சட்டத்தரணியிடம் போகலாம். வருசக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டு வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடவும் விடேலாது. காலக்கெடுவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனா மறியலுக்குள் இருக்கிறவருடைய ஒரு மாதம் எப்படிப் போகும் என்று யோசிச்சுப் பாருங்கோ. வவுனியாவில் ஒருவரைப் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைப்பம். எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே வீட்டுக்குச் சில நாள் போகும். பேந்து தாய் இரவு பஸ் எடுத்துப் போய், வாசலில் நின்று, அனுமதி கிடைத்தால் கொஞ்ச நேரம் கதைக்கலாம். பக்கத்தில் ஒரு உத்தியோகத்தர் நின்றுகொண்டிருப்பார். "எனக்கு அடிச்சவங்கள்" என்று அந்த இடத்தில் யார் வாய் திறப்பார்? அதுக்குப் பிறகு சட்டத்தரணி தேடவேணும், காசு தேடவேணும், சத்தியக்கடதாசி எழுதவேணும், உள்ளே இருக்கிறவருடைய கையொப்பம் எடுக்கவேணும். இந்த மனுவை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ போடேலாது. இந்த நியாயாதிக்கம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டும்தான், அது இருப்பது கொழும்பு புதுக்கடையில். முப்பது நாள் எங்க காணும்?

எங்கட கலைப்பீடத்தில் அசைன்மென்ட் ஒரு கிழமை பிந்தினால் மெடிக்கல் குடுத்துத் தப்பலாம். சிறைக்குள் காயத்தோடு இருப்பவருக்கு அந்த மெடிக்கலை எழுதவேண்டிய வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டியதே அவர் குற்றஞ்சாட்டுகிற ஆட்கள்தான்.

இந்தச் சிக்கல் நீதிபதிகளுக்குத் தெரியாமல் இல்லை. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற 1980களின் வழக்கில் பிரதம நீதியரசர் சர்வானந்தா தெளிவாகவே சொன்னார்: தடுத்து வைக்கப்பட்டவருக்கு அந்த ஒரு மாதத்தை, அவர் எந்தத் தடையும் இல்லாமல் இருக்கிற நேரத்திலிருந்துதான் எண்ணவேணும். இல்லாவிட்டால் அரசியலமைப்பு தருகிற நிவாரணம் வெறும் மாயையாகிவிடும். என்னைப் பொறுத்தவரை இந்த விசயத்தில் சொல்லவேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கு.

ஆனா அதே காலப்பகுதியில் வந்த கமஎத்திகே எதிர் சிறிவர்தன தீர்ப்புத்தான் இன்றைக்கு வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகிறது. அது கைதி சம்பந்தப்பட்ட வழக்கே இல்லை. ஒரு மாதக் கெடு கட்டாயமானது, வேறு நிவாரணங்களைத் தேடி அலைந்த காலம் அந்தக் கெடுவை நிறுத்தாது, ஆனால் மனுதாரர் பக்கம் எந்தத் தவறும் தாமதமும் இல்லை என்றால் விதிவிலக்காக ஏற்றுக்கொள்ள நீதிமன்றத்துக்குத் தற்றுணிபு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. இயலாததைச் செய்யச் சொல்லிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்ற பழைய கோட்பாடுதான் அதற்கு அடிப்படை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா "என் பக்கம் தவறு இல்லை" என்று யார் காட்டவேணும்? கைதிதான். பேனை கேட்டேன், தரவில்லை. சட்டத்தரணியைப் பார்க்கவேணும் என்றேன், விடவில்லை என்பதற்கு அவரிடம் என்ன சான்று இருக்கும்? யார் எப்ப வந்தார், எப்ப போனார் என்ற பதிவுப் புத்தகம் எல்லாம் எதிர்மனுதாரர்களின் கையில். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வழக்கில் ஒரு தரப்பின் நேரம் முழுவதையும் மற்றத் தரப்பு பூட்டிவைத்திருக்குது, அதே மற்றத் தரப்பு மன்றில் எழும்பி "மனு காலம் கடந்தது" என்று பூர்வாங்க ஆட்சேபனை எடுக்கலாம்.

மனித உரிமைகள் ஆணைக்குழு என்றொரு வழி இருக்கு. ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் கணக்கில் எடுக்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13 சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று காட்டவேணும் என்று பிற்காலத் தீர்ப்புகள் இறுக்கிவிட்டன. ஆணைக்குழு கோப்பைத் திறந்ததா இல்லையா என்பதை உள்ளே இருக்கிறவர் எப்படி அறிவார்?

கவிஞர் அஹ்னாப் ஜசீமை எங்களில் பலருக்குத் தெரியும். 'நவரசம்' தொகுப்போடு அவர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பல மாதங்கள் சட்டத்தரணியைச் சந்திக்க முடியாமல் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மனு 2021இல்தான் தாக்கலானது. கைது நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் அந்த ஒரு மாதம் 2020 ஜூனிலேயே முடிஞ்சுது. தடுத்து வைத்தல் தொடரும்வரை மீறலும் தொடர்கிறது என்று இப்படியான மனுக்களில் வாதாட இடமுண்டு. ஆனா ஒரு குறிப்பிட்ட இரவில் நடந்த அடிக்கு அந்த வாதம் அவ்வளவு இலகுவாகப் பொருந்தாது. அவர் 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் விடுதலையானார்.

அரசுக்கு நேரம் எப்படி அளக்கப்படுகிறது என்று இப்ப பாருங்கோ. அதே சட்டத்தின் கீழ் தடுப்புக் காவல் உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை. அதைத் திரும்பத் திரும்ப நீடித்து 18 மாதம் வரை கொண்டுபோகலாம் என்று இருந்ததை 2022 திருத்தம் 12 மாதமாக்கியது. மனு ஒன்றை இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேணும் என்று 126ஆம் உறுப்புரையே நீதிமன்றத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கு. அது கட்டாயம் இல்லை, வழிகாட்டல் மட்டும்தான் என்று தீர்க்கப்பட்டுவிட்டது. மனுக்கள் தவணைக்கு மேல் தவணையாக வருசக்கணக்கில் இழுபடுகின்றன. ஒரே உறுப்புரையில் இரண்டு கெடு. நீதிமன்றத்தைக் கட்டுவது இளகிப்போச்சு, குடிமகனைக் கட்டுவது இறுகிப்போச்சு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில் இதே முடிச்சை அவிழ்த்த விதம் எனக்குப் பிடிக்கும். தன் மேன்முறையீட்டு அறிவித்தலைக் கைதி ஒருவர் 30 நாள் கெடுவுக்குள், 27ஆம் நாளே சிறை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். நீதிமன்றப் பதிவில் அது 31ஆம் நாள் விழுந்தது. சட்டத்தரணி இல்லாத கைதி தபாலின் பின்னால் போய்ப் பார்க்க முடியாது, ஆகவே சிறை அதிகாரியிடம் கொடுத்த நாள்தான் தாக்கல் செய்த நாள் என்று நீதிமன்றம் தீர்த்தது. எப்ப வாங்கினோம் என்ற பதிவு சிறையிடம்தான் இருக்குது, ஆகவே பிந்தியது என்றால் அதைச் சிறைதான் காட்டட்டும் என்பது அதன் தர்க்கம். பிறகு இந்த விதியை அங்குள்ள கீழ் நீதிமன்றங்கள் கைதிகளின் சிவில் உரிமை வழக்குகளுக்கும் எடுத்துக்கொண்டன. அமெரிக்கச் சிறைகள் சொர்க்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனா சான்றுச் சுமையை யார் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரு நேரான பதில் கிடைச்சிருக்கு.

இங்கேயும் தொடங்க ஒரு இடம் இருக்கு. 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள், வசதியில்லாத ஒருவர் எழுதுகிற வெறும் கடிதத்தையே மனுவாக ஏற்க இடம் தருகின்றன. அதோடு இரண்டு வரி சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். தடுத்து வைக்கப்பட்டவருக்கு ஒரு மாதம் என்பது அவர் வெளியே வந்த நாளிலிருந்தோ, தனியாக ஒரு சட்டத்தரணியோடு கதைக்கக் கிடைத்த நாளிலிருந்தோ எண்ணப்படும். அவர் கடிதத்தைச் சிறை அலுவலரிடம் கொடுத்த நாளே தாக்கல் நாள், இல்லையென்றால் அதை அரசு நிரூபிக்கட்டும். சர்வானந்தா சொன்னதைத் தற்றுணிபாக விட்டுவைக்காமல் விதியாக எழுதிவைப்பதுதான் இது. இப்ப இருக்கிற நிலையில், ஒருவருடைய ஒரு மாதம் நீளுமா இல்லையா என்பது அந்தக் கிழமை எந்த அமர்வு இருக்கிறது, தாய்க்கு எந்தச் சட்டத்தரணி கிடைத்தார் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கு.