பயிற்சியாளரின் கண்

திருகோணமலை உட்துறைமுக வீதியோரம் மென்பந்து கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் காணும்போதெல்லாம் கண்டிப் பயிற்சியாளர் ஒருவர் நினைவில் எழுகிறார். புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகமாகப் பந்துவீசிய 14 வயது மாணவனைச் சுழற்பந்துவீச்சின் பக்கம் திருப்பியவர் சுனில் பெர்னாண்டோ. அம்மாணவர்தான் முத்தையா முரளிதரன். 2010 ஜூலை 22 அன்று காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்ற அவர், 2015இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார்.

மைதானம் கேட்கிறோம், உபகரணம் கேட்கிறோம். அவற்றினும் முதன்மையாகக் கேட்கவேண்டியது, பாடசாலைதோறும் நிரந்தர ஊதியம் பெறும் ஒரு பயிற்சியாளரை. முரளிதரனின் மணிக்கட்டு பிறவிக்கொடை. அதன் பயனை முதலில் கண்டது ஓர் ஆசானின் கண். அத்தகைய கண் இங்கு இல்லையேல், இவ்வீதியில் சுழலும் பந்து இவ்வீதியோடு நின்றுவிடும்.