பதிவேட்டுக்குப் படியளப்பது யார்?

ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் ரைப் என்சிசி, ஐரோப்பா, மேற்காசியா, மத்திய ஆசியா ஆகிய பகுதிகளுக்கான இணைய முகவரிப் பதிவகம். எந்த ஐபி முகவரி எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்ற கணக்கை 1992 முதல் அது வைத்திருக்கிறது. லண்டனிலும் சூரிச்சிலும் துபாயிலும் வாழும் நம்மவர் வீட்டு இணைய இணைப்பும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 4 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி, 20,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கட்டும் சந்தாவிலிருந்து வருகிறது. அந்தச் சந்தாதான் இப்போது சண்டை.

பல ஆண்டுகள் 1,400 யூரோவாக இருந்தது, பிறகு 1,550 ஆகி, 2025-ல் 1,800 ஆகிவிட்டது. “புதிதாகக் கொடுக்க உங்களிடம் ஐபிவி4 முகவரியே இல்லை. 2019 நவம்பர் 25-ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. பிறகு எதற்கு இவ்வளவு பணம்?” என்பதுதான் உறுப்பினர்கள் பலரின் கேள்வி.

முகவரி தீர்ந்த பிறகுதான் பதிவகத்துக்கு வேலை கூடியது என்பதே பதில். புறம்போக்கு மிச்சமிருக்கும்வரை பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூட்டமில்லை. மனை கைமாறத் தொடங்கினால்தான் வில்லங்கம் பார்க்க வேண்டிவரும். 2021-ல் ஒரு முகவரி 50 டாலரை ஒட்டி விலைபோனது. அந்தக் கணக்கில் 256 முகவரிகள் கொண்ட சின்னத் தொகுதியே 12,000 டாலருக்கு மேல் பெறும் சொத்து. விற்பவர் உண்மையில் உரிமையாளர்தானா, அந்த நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்றெல்லாம் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். செலவில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2024 ஜனவரி 3-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். ஸ்பெயினில் ஆரஞ்ச் நிறுவனத்தின் ரைப் கணக்குக்குள் ஒருவர் புகுந்தார். கடவுச்சொல் ‘ரைப்அட்மின்’, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. எந்த வலையமைப்பு எந்த முகவரியை அறிவிக்கலாம் என்று உறுதி கூறும் பதிவை அவர் மாற்றி வைத்தார். அதை நம்பி உலகெங்கும் உள்ள வலையமைப்புகள் ஆரஞ்சின் வழித்தடங்களைப் புறக்கணித்தன; அதன் வாடிக்கையாளர்கள் சில மணி நேரம் இணையமின்றித் தவித்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ரைப் அந்த ஆண்டே எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. முன்பே செய்திருக்கலாம் என்ற குறை நியாயமானது. ஆனால் அந்தப் பூட்டைப் போடுவதற்கும் இரவு பகலாகக் காப்பதற்கும் காசு வேண்டும். கடவுச்சொல்லைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ உறுப்பினருடையது.

சரி, சுமையை எப்படிப் பிரிப்பது? ரைப்பில் ஒரு கணக்குக்கு ஒரே சந்தா. லட்சக்கணக்கில் முகவரி வைத்திருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனமும், மலையடிவாரத்தில் நானூறு வீட்டுக்கு இணைப்புத் தரும் சின்ன நிறுவனமும் அதே சந்தாவைத்தான் கட்டுகின்றன. இது சமத்துவமாகத் தெரியலாம். என் பார்வையில் நியாயமில்லை. ஆசிய பசிபிக் பதிவகமான ஏபிநிக்கில் கையிலுள்ள முகவரிக்கு ஏற்பக் கட்டணம் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல: முகவரி இரட்டிப்பானால் கட்டணம் சுமார் 30 சதவீதம் கூடும். பெரியவர்களையும் கசக்கிப் பிழியாத கணக்கு அது. ரைப்பிலும் அளவு பார்த்துக் கட்டணம் என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது, தேறவில்லை. மீண்டும் எடுத்து வர வேண்டும். அதே சமயம், பதிவேட்டுக்கு நேரடித் தொடர்பில்லாத திட்டங்களின் செலவைப் பதிவகம் தனியே பிரித்துக் காட்ட வேண்டும். எது தேவை என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும்.

இந்த இழுபறி முற்றினால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்கா அனுபவித்துவிட்டது. மொரீஷியஸில் உள்ள அப்ரிநிக் பதிவகத்துக்கும் அதன் உறுப்பினர் நிறுவனம் ஒன்றுக்கும் மூண்ட வழக்கில், 2021 ஜூலையில் பதிவகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. பிறகு இயக்குநர் குழுவும் செயலிழக்க, 2023-ல் நீதிமன்றமே நிர்வாகியை நியமித்தது. 2025 ஜூனில் நடந்த தேர்தல் ரத்தாகி, செப்டம்பரில்தான் புதிய குழு வந்தது. ஒரு கண்டத்தின் முகவரிக் கணக்கு நான்காண்டு காலம் அந்தரத்தில் தொங்கியது.

ரைப்பின் பொதுக்குழுவில் பெரும்பாலான உறுப்பினர்கள் வாக்களிப்பதே இல்லை. கட்டணம் கூடியதும் குமுறுகிறவர்களுக்கும், கூடாது என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் ஒரே வேண்டுகோள்: அடுத்த பொதுக்குழுவுக்கு முன் வரவுசெலவு அறிக்கையை முழுதாகப் படியுங்கள், கேள்வி கேளுங்கள், வாக்கைத் தவறாமல் போடுங்கள்.