எண்ணெய்க் கிடங்கில் சட்டம் தளர்ந்தால் நட்டம் யாருக்கு?

சோதனை என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. எடைக்கல் முத்திரையிலிருந்து உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வரை ஒவ்வொன்றுக்கும் நாம் அலைந்த அலைச்சல் அப்படி. அந்த வெறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் எல்லா விதிகளையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கக் கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை மொத்தமாகச் சேமித்து வைக்கும் இடங்களுக்கான விதிகள் வேறு ரகத்தைச் சேர்ந்தவை. அவை தளர்ந்தால் சிக்கனம் கிடங்குக்காரருக்கு. நட்டம் பக்கத்தில் கடை வைத்திருப்பவருக்கு. எனவே, "இந்த விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்துங்கள்" என்று முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான் என்பது நமது கருத்து.

இது வெறும் பேச்சல்ல. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி ஜெய்ப்பூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சீதாபுரா தொழிற்பேட்டையை ஒட்டி இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிடங்கு இருந்தது. மாலை ஆறு மணி சுமாருக்கு ஒரு டேங்கிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் அனுப்ப ஏற்பாடு செய்தபோது, வால்வுப் பகுதி திறந்துகொண்டு பெட்ரோல் பீறிட்டது. அருகில் நின்ற ஊழியர்கள் ஆவியில் மயங்கி விழுந்தார்கள். தூரத்திலிருந்தபடியே டேங்கை அடைக்கும் வசதி அப்போது வேலை செய்யவில்லை. டேங்கைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரின் வடிகால் வால்வு மூடியிருக்க வேண்டியது. அதுவும் திறந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருந்தது. காற்றில்லாத மாலை வேளை. ஆவி தரையோடு தரையாகப் படர்ந்து சுற்றுச்சுவரைத் தாண்டிப் போய், எங்கோ ஒரு பொறி பட்டு வெடித்தது. 11 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். தீயை அணைக்க முடியாமல் எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 11 நாள் எரிந்தது. பேட்டையில் இருந்த சிறு தொழிற்கூடங்களின் சுவரும் கூரையும் கண்ணாடியும் போயின.

பின்பு எம்.பி. லால் தலைமையில் அமைந்த குழு விசாரித்து, நூற்றுக்கு மேற்பட்ட பரிந்துரைகளைத் தந்தது. அதைப் படிப்பவருக்கு ஒன்று தெளிவாகப் புரியும். அங்கே புதிதாக எந்த விதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. இருந்த விதிகளை ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்னும் இடத்துக் கிடங்கு 2005 டிசம்பர் 11-ஆம் தேதி இதே முறையில், அதாவது நிரம்பி வழிந்த பெட்ரோலின் ஆவி படர்ந்து, வெடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பாடம் நம் நாட்டுக்கு வந்து சேர நான்கு ஆண்டு போதவில்லை!

"ஜெய்ப்பூர் எங்கே, காஞ்சிபுரம் எங்கே? நம் ஊரில் அப்படிப்பட்ட கிடங்கே கிடையாதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பெட்ரோல் பங்கின் தரைக்கடியிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் டேங்குகள் புதைந்து கிடக்கின்றன. டேங்கர் லாரி நம் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. சமையல் எரிவாயு வேறு சட்டத்தின் கீழ் வருவது என்றாலும், 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்துத் தேவரியம்பாக்கத்தில் சிலிண்டர் கிடங்கு தீப்பிடித்துப் பல உயிர்கள் போனதை நாம் மறந்துவிட முடியாது.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். தரைக்கடியில் நடக்கும் கசிவோ தெரிவதில்லை. 2013-இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. எண்ணெய் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய் ஒன்று கசிந்திருந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியபோது, அதை வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. மோதிய கப்பல்களில் ஒன்றின் பெயர் டான் காஞ்சிபுரம் என்பது நமக்கு ஒரு வருத்தமான பெருமை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது.

தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் காஞ்சிபுரத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவரைக் கேட்டால், தண்ணீரின் குணம் மாறினால் நிறம் எப்படி மாறும் என்று சொல்வார். மேலே பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட நீருக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததும் கிணறு தெளிந்துவிட்டதா? நிலத்தடி நீரைக் கெடுப்பது ஒரு நாள் வேலை, சரிசெய்வது ஒரு தலைமுறை வேலை.

இங்கே வணிகனுக்கு மட்டுமே புரியும் விஷயம் ஒன்று உண்டு. புதைந்த டேங்க் ஓட்டையானால் அதை முதலில் காட்டுவது அதிகாரியின் சோதனையல்ல, இருப்புக் கணக்குதான். காலையில் அளவுக்கோலை விட்டுப் பார்த்த இருப்பு, வந்த சரக்கு, விற்ற சரக்கு ஆகிய மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் குறைவு தெரிந்துவிடும். நாளைக்குப் பத்து லிட்டர் குறைகிறது, ஆவியாகியிருக்கும் என்று எழுதிவைத்தால், ஆண்டுக்கு 3,650 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கலாம். பங்க் நடத்துகிறவரும் நம்மைப் போன்ற வணிகரே. அவர் மீது நமக்குக் காழ்ப்பு இல்லை. அந்தக் குறைவுக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். புதிய பங்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், இடநெருக்கடி இருந்தாலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டியது. நல்லதே. ஆனால் அதற்கு முன்பே ஊர் நடுவில் அமைந்துவிட்டவற்றை யார் கவனிப்பது?

அடுத்தவரைக் கேட்கிற நாம் நம் கடையையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் மளிகைக் கடை வாசலில் மண்ணெண்ணெய் பேரலும் கைப்பம்பும் இல்லாத தெரு இல்லை. இன்று அந்த இடத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் கேன் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் நமக்குக் கடுமையானதல்ல. டீசல், மண்ணெண்ணெய் போன்ற இரண்டாம் வகுப்பு எண்ணெய், மொத்தம் 2,500 லிட்டருக்குள், 1,000 லிட்டருக்கு மேற்படாத கலங்களில் இருந்தால் லைசென்ஸே தேவையில்லை. பெட்ரோல் அப்படியல்ல. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை மட்டுமே சலுகை; அதுவும் இறுக மூடிய கலத்தில். உலோகக் கலம் என்றால் 25 லிட்டர், கண்ணாடி என்றால் ஒரு லிட்டர் என்று சொல்லும் அந்தப் பிரிவில் பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லை. கிராமத்துப் பெட்டிக்கடைகளில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தொங்குகிறதே, அது எந்தச் சலுகையிலும் அடங்காது. பெட்ரோல் நம் கோடை வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. உறைபனியிலும் ஆவி விடும் சரக்கு அது. ஆவி காற்றைவிடக் கனமானதால் கடைத் தரையிலும் சாக்கடையிலும் ஊர்ந்து, பக்கத்து டீக்கடை அடுப்பைத் தேடிப் போகும்.

பெரிய கிடங்குகளுக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிகள்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிபொருள் வைத்திருப்பவர் கிடங்குக்குள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும். கிடங்குக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டம் அதிகாரிகளின் பொறுப்பு. அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தின் தன்மையைத் தெரிவிப்பதும் கிடங்குக்காரரின் கடமை. சென்னையில் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கடை வைத்திருக்கும் நம் சகோதர வணிகர்களில் எத்தனை பேருக்கு அப்படித் தெரிவிக்கப்பட்டது? கேட்டுப் பாருங்கள். போபாலுக்குப் பின் 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், யார் தவறு என்று நிரூபிக்காமலே உடனடி நிவாரணம் தர வழி செய்தது. பாராட்டலாம். ஆனால் அன்று சொத்துச் சேதத்துக்கு அதில் வைத்த உச்சவரம்பு 6,000 ரூபாய்! ஒரு பட்டுப் புடவைக்குக்கூடப் போதாத தொகை அது. அதற்கு மேல் வேண்டுமானால் வழக்கு, வாய்தா. கடைக்கு எடுத்திருக்கும் தீக் காப்பீட்டுப் பத்திரத்தில் வெளியில் நடக்கும் வெடிப்பும் அடங்குமா என்பதை உறுப்பினர்கள் இந்த வாரமே எடுத்துப் படித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வருத்தம். எண்ணெய்த் தொழிலின் பாதுகாப்பைக் கவனிக்கும் இயக்குநரகம் 1986-இல் தொடங்கியது முதல் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் அதே அமைச்சகத்தின் பிள்ளைகள். ஒரே வீட்டில் கடைக்காரனும் எடை சோதிப்பவனும் இருந்தால் நம்மை விடுவார்களா?

நம் ஊருக்கு உடனடியாக வேண்டியது பெரிய காரியமல்ல. வைகாசிக் கருட சேவையன்று ஆள் திரும்ப இடமில்லாத ஊர் இது. 2019-இல் அத்தி வரதர் தரிசனத்தின்போது 48 நாளும் தெருக்கள் எப்படி இருந்தன என்பதை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்களிலும், ராஜாஜி மார்க்கெட் சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரத்திலும், டேங்கர் லாரி ஊருக்குள் வரக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் நேரம் வகுக்க வேண்டும். பங்கில் எண்ணெய் இறக்கும்போது எர்த் கம்பி மாட்டப்படுகிறதா, விற்பனை நிறுத்தப்படுகிறதா என்று தீயணைப்புத் துறை முன்னறிவிப்பின்றிப் பார்க்க வேண்டும். பழைய டேங்குகளின் கசிவுச் சோதனை எப்போது நடந்தது என்பதைப் பங்க் வாசலில், விலைப் பலகைக்குப் பக்கத்தில், தமிழில் எழுதி வைக்க வேண்டும். இம்மூன்றையும் மனுவாக எழுதி ஆட்சியர் அலுவலகத்திலும், சென்னையிலுள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்திலும் கொடுப்பதற்கு நம் சங்கத்துக்குத் தடையொன்றும் இல்லை. பங்க் உரிமையாளர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேசிவிட்டே கொடுக்கலாம்.