ஸ்டாம்பைக் கிழிக்காதீங்க!

அன்புக் குட்டீஸ்,

சேலையூரிலிருந்து ஏழாம் வகுப்பு வாசகர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் தபால்தலைக் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறார்களாம். 'ஸ்டாம்ப் பார்க்க எதற்கு டூர்? பக்கத்திலேயே வண்டலூர் இருக்கே, புலியாவது பார்க்கலாமே!' என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். கண்ணாடிக்குள் ஒட்டி வைத்த காகிதம் புலி மாதிரி உறுமாது. ஆனாலும் ஒன்று கவனித்தேன். இந்தக் கேள்வியையே நீங்கள் தபாலில்தான் அனுப்பியிருக்கிறீர்கள்!

அதுவும் பின்கோடு தவறாமல், 600073 என்று அழகாக எழுதி. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? முதலில் உள்ள 6, தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு பகுதிக்கு உரியது. 600 என்றால் சென்னை வட்டாரம். கடைசி 073 உங்கள் சேலையூர் தபால் நிலையம். 2019-ல் உங்கள் மாவட்டம் செங்கல்பட்டு ஆயிற்று, 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. தபால்காரருக்கு மட்டும் நீங்கள் இன்னும் 'சென்னை'தான்!

இந்த எண் முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. வகுத்துக் கொடுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி. நம் நாட்டில் ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள். முகவரி எழுதும் மொழிகளோ பல. தமிழில் எழுதிய ஊர்ப்பெயரை வேறு மாநிலத்து ஊழியரால் படிக்க முடியாது. எண்ணை யாரும் படித்துவிடலாம் இல்லையா?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறினால் அண்ணா சாலைக்குப் போய்விடலாம். அங்கே தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் ஒரு பழைய கட்டடம் உண்டு. அது 1913-ல் கட்டிய சினிமா கொட்டகை. பெயர் எலெக்ட்ரிக் தியேட்டர். சென்னையின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. சில ஆண்டுகளிலேயே படம் காட்டுவது நின்று போக, தபால் துறை வாங்கிவிட்டது. பின்னாளில் தபால்தலை மையமாகவும் கண்காட்சிக் கூடமாகவும் பயன்பட்டது. போனால் அதை வெளியில் நின்றாவது ஒருமுறை பாருங்கள்.

எந்தத் தபால்தலைக் கண்காட்சிக்குப் போனாலும், 1937-ல் வந்த வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள். தபால் எதிலெல்லாம் பயணம் செய்தது என்பதையே படமாகப் போட்டிருப்பார்கள். மாட்டுவண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி, விமானம் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது, தபால் பையைச் சுமந்து ஓடும் ஓட்டக்காரர் படம்தான். அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் மணி கட்டிய ஈட்டியோடு காட்டு வழியில் ஓடினார்கள். மணிச் சத்தம் கேட்டால் விலங்குகள் விலகும், அடுத்த ஊரில் காத்திருப்பவருக்கும் தபால் வருவது தெரியும்.

அதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் குன்னூர்த் தபால்காரர் சிவன், யானையும் கரடியும் நடமாடும் காட்டு வழியில் தினமும் 15 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்து வந்தார். 2020-ல்தான் ஓய்வு பெற்றார்.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன். கண்காட்சி பார்த்துவிட்டு வந்ததும் பலருக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் ஆசை வந்துவிடும். நேரே பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய கடிதங்களிலிருந்து ஸ்டாம்பைப் பிய்க்கத் தொடங்குவார்கள். தயவுசெய்து வேண்டாம்!

ஸ்டாம்பின் மேல் விழுந்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். எந்த ஊர், என்றைக்கு என்று இருக்கும். உறையைத் திருப்பினால் சில சமயம் வந்து சேர்ந்த ஊரின் முத்திரையும் இருக்கும். இரண்டையும் கழித்தால் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரிந்துவிடும். ஸ்டாம்பைப் பிய்த்தால் முத்திரை பாதியாகிவிடும், உறையும் வீண். விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் முழு உறையைத்தான் விரும்புவார்கள்.

முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதங்களை எல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். நடுவில் ஓட்டை விழுந்த கார்டு கிடைத்தால், அது அந்தக் கம்பியில் இருந்தது என்று அர்த்தம். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. கறுப்பு மை என்றால், பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை கேட்கும். தந்தி இருந்தால் பத்திரம்! அந்தச் சேவையே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இனி ஒரு தந்தி வராது.

உங்கள் பக்கத்தில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, இந்தக் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. தப்பினால் போகிப் பண்டிகைத் தீயில் விழுகின்றன. பெரியவர்களுக்கு அவை குப்பையாகத் தெரியலாம். நீங்கள் கேட்டால் தந்துவிடுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை! உள்ளே இருப்பது இன்னொருவர் மனதில் இருந்தது. வீட்டில் அனுமதி கேட்ட பிறகே படியுங்கள். 'வேண்டாம்' என்று பாட்டி சொன்னால், உறையை மட்டும் கேளுங்கள்.

பிறகு அவற்றுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ஈரம் படாத இடத்தில், காகித உறைக்குள் படுக்கையாக வைத்தால் போதும்.

சேலையூர் குட்டீஸ் நால்வரும் டூர் போகும் அன்று ஆளுக்கு ஒரு கார்டு வாங்கி, உங்கள் வீட்டு முகவரியையே எழுதி அண்ணா சாலையில் போடுங்கள். எத்தனை நாளில் 600073-க்கு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். வண்டலூருக்கு அடுத்த வாரம் போகலாம், புலி எங்கும் ஓடிவிடாது!

அன்புடன்,
ஆசிரியர்