அட்டையைக் கேளுங்கள்



ஐப்பசிக் குளிர் வந்துவிட்டது. ரொறன்ரோ வீடுகளில் ஃபேர்னஸ் ஓடத் தொடங்கும் காலம். முதல் நாள் தூசி கருகி ஒரு மணம் வரும். பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். மணமே இல்லாமல் வருவதற்குத்தான் பயப்பட வேண்டும். உள்ளே வெப்பமாற்றியில் கீறல் விழுந்தால் கார்பன் மோனாக்சைட் வீட்டுக்குள் கசியலாம். ஒன்ராறியோவில் 2014 முதல், எரிவாயுக் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைக்கு அருகே அதற்கான அலாரம் கட்டாயம்.

ஆகவே எரிவாயு வேலையை எல்லாரும் தொட்டுவிட முடியாது. நிறுவனம் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். வருகிறவரிடம் சான்று அட்டை இருக்க வேண்டும். அதில் ஜி1, ஜி2, ஜி3 என்று தரம் போட்டிருக்கும். ஜி2 காரர் 400,000 பிடியூ வரை தொடலாம், வீட்டு ஃபேர்னஸுக்கு அது தாராளம். ஜி3 காரர் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். தனியாக வந்து நின்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். ஏசி வேலைக்குச் சான்று வேறு: 313ஏ அல்லது 313டி.

"எங்கட பெடியன்தானே, கோயிலில் காணுகிற முகம், எப்படிக் கேட்கிறது?" என்று தயங்குகிறோம். கேளுங்கள். படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய அட்டையைக் காட்டச் சொன்னால் நல்ல தொழிலாளி கோபிக்கமாட்டார். முகம் சுளிப்பவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அழைக்காமலே வாசல் மணியை அடிப்பவர்கள் வேறு ரகம். "அரசாங்கத் திட்டம், ஃபேர்னஸைப் பார்க்க வேண்டும்" என்பார்கள். வீடு வீடாக வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கிக்கு ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் தடை. அதற்குப் பிறகும் கையெழுத்து வாங்கி, வீட்டு உறுதியிலேயே நோசி என்ற உரிமைப் பதிவை ஏற்றினார்கள். வீடு விற்கப்போகும்போதுதான் பலருக்கு அது தெரிந்தது. விடுவிக்க ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 2024 ஜூனில் சட்டம் அந்தப் பதிவுகளைச் செல்லாதவையாக்கியது. ஆனால் கருவிக்கான மாத வாடகை ஒப்பந்தம் அதோடு தானாக ஒழியாது. பழைய கடதாசிகள் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். புதிதாக வீட்டில் வைத்து ஒப்பமிட்டிருந்தால், பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

பகலில் அம்மாவோ அப்பாவோ வீட்டில் தனியாக இருந்தால், கதவைத் திறக்காமலே "வேண்டாம்" என்று சொல்லிப் பழக்குங்கள். எரிவாயு பில்லை வாசலில் யார் கேட்டாலும் காட்டக்கூடாது என்றும் சொல்லிவையுங்கள்.


ஆசிரியர்