மலையகத் தமிழரும் பழம் எலும்புகளின் சாட்சியமும்

ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழிறங்கும் பாதையில், கித்துல்கலையை அடுத்துப் பெலிலென என்னும் கற்குகை உள்ளது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட வேட்டுவரின் எலும்புகளும் கற்கருவிகளும் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. மலையகத்துத் தோட்டத்துரையாயிருந்த ஜோன் போல் இத்தகைய கருவிகளைத் திரட்டி 1913இல் ஒரு நூலே வெளியிட்டார். மலைமண்ணிற் கிடந்த கல்லின் பூர்வீகம் இவ்வாறு ஆராயப்பட்ட காலத்தில், அம்மண்ணைக் கொத்தியவனோ செக்றோலில் ஒரு பெயராக மட்டுமே இருந்தான்.

எலும்பின் பூர்வீகத்தை அறியும் வழி இன்று மேலும் விரிந்துள்ளது. ஈரமும் வெப்பமும் மிக்க இத்தீவில் பழைய எலும்புகளின் மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடும். அவ்வாறிருந்தும், இரு குகைகளிற் கிடைத்த இடைக்கற்கால வேட்டுவர் இருவரின் இழைமணி மரபணு முழுமையாக வாசிக்கப்பட்டு, 2023இல் முடிவுகள் வெளிவந்தன. ஒருவர் எம்18ஏ என்னும் தாய்வழியையும் மற்றவர் எம்35ஏ என்னும் தாய்வழியையும் சார்ந்தவர். முன்னது சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் ஆகிய மூவரிடையேயும் சிறு அளவிற் காணப்படுகின்றது.

"கள்ளத்தோணி" என்ற வசையைத் தலைமுறைகளாகக் கேட்ட சமூகத்திற் பிறந்தவர் எவரும் இச்செய்தியைப் பற்றிக்கொள்ள விழைவது இயல்பே. "குகைவாசியே எம் பாட்டி, இனி யார் எம்மை வந்தேறிகள் என்பது?" என்ற வாதம் கேட்பதற்கு இனிதாகவே இருக்கும். ஆயின் அது நில்லாது. இவ்விரு வழிகளுமே இந்திய மூலத்தன என அவ்வாய்வே கூறுகின்றது. எனவே, 19ஆம் நூற்றாண்டிற் கடல் கடந்து வந்த கூலிப் பெண்ணொருத்தியே அவ்வழியைத் தமிழகத்திலிருந்து கொணர்ந்திருக்கலாம். மேலும், இழைமணி தாயின் தாய், அவள் தாய் என்ற ஒற்றை இழையை மட்டுமே காட்டும். பத்துத் தலைமுறைக்கு அப்பால் ஒருவருக்குரிய மூதாதையர் இடங்கள் 1024. இழைமணி பேசுவது அவற்றுள் ஒருத்தியைப் பற்றி மட்டுமே. ராகிகடியில் ஒரேயொரு பெண்ணின் மரபணு 2019இல் வெளியானபோது, அதனைக் கொண்டு ஒரு நாகரிகம் முழுவதற்கும் உரிமை கொண்டாட முற்பட்டோரின் ஆரவாரம் மறக்கத்தக்கதன்று.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இரத்தத்தைச் சான்றாக முன்வைப்பவர், தம்மை ஒடுக்கிய சட்டத்தின் அளவுகோலையே ஏற்றுக்கொள்கிறார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவனிடமே, தந்தையும் இங்கு பிறந்தவரா, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவரா என வினவியது. கொழுந்து பறித்த தாய் அச்சட்டத்தின் கண்ணிற் படவேயில்லை. தாய்வழி மட்டுமே பேசும் இழைமணி அன்று கிடைத்திருப்பினும் அச்சட்டம் அதனைச் செவிமடுத்திராது! 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்போட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகள் பிரிந்தன. மரபணு வாசிக்கும் எந்த உறவைக் காட்டிலும் அவ்வுறவு மெய்யானது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கியபோது கேட்டது வேறு: 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவரா, அன்றேல் அத்தகையோரின் வழித்தோன்றலா என்பதே. காலந்தாழ்ந்து வந்த சட்டமாயினும் வாழ்தலையே அது உரிமைக்கு அடிப்படையாகக் கொண்டது.

ஆய்வு தொடரட்டும், ஒரே குழியிற் புதைக்கப்பட்டோர் தாயும் சேயுமா என்பதைக்கூட இன்று அதனால் அறிய முடிகின்றது. அது வரலாற்றுக்குரிய வினா. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் எத்தனையோ குடும்பங்கள் இன்றும் தம் பெயரில் உறுதியற்ற நிலத்தில், லயன் அறைகளில் வாழ்கின்றன. அக்காணியுறுதிக்குச் சான்று தேடுவோர் பெலிலெனவுக்கு இறங்க வேண்டியதில்லை. தோட்டத்துச் செக்றோல் புத்தகங்களைப் புரட்டினாலே போதும்.